சேராத சாவிகளும் தங்கத்தின் மூச்சும்

ஓடுகிறேன். தோளில் சாக்கு மூட்டை. மூட்டைக்குள் பிள்ளை. இடது காலில் செருப்பு இருக்கிறது. வலது காலில் இல்லை. சங்கு ஊதுகிறது.

1965. செப்டம்பர். இரண்டாவது வாரத்துச் செவ்வாய்க்கிழமை. உச்சி வெயில். திண்டுக்கல் மலைக்கோட்டை அசையாமல் நிற்கிறது. அதற்கு ஓடத் தெரியாது. எனக்குத் தெரியும்.

சத்தத்தை எழுதி வைக்கிறேன். முதலில் ஒரு செருமல். குழாயில் காற்று ஏறும் செருமல். பிறகு அடிவயிற்றிலிருந்து ஓர் ஊளை. வீட்டு ஓடுகள் அதிர்கின்றன. காக்கைகள் ஒன்றாக எழும்புகின்றன. என் பற்கள் ஒன்றோடொன்று மோதுவது தனியாகக் கேட்கிறது.

முதுகுப் பக்கம் காதர் பாய் கத்துகிறார். அவர் தோல் வியாபாரி. போர் வந்ததிலிருந்து எங்கள் தெருவுக்கு அவர்தான் பாதுகாப்புத் தொண்டர். தலையில் தகரத் தொப்பி. கழுத்தில் விசில்.

"ஏலே ரங்கூனு! நில்லுலே! எங்கலே ஓடுற!"

ரங்கூன் என்பது நான்தான். குருசாமி என்று ஒரு பெயர் இருக்கிறது. அதை யாரும் பயன்படுத்துவதில்லை. நில் என்றால் நிற்கிற கால் இல்லை என்னுடையது.

பதுங்குகுழி தெரிகிறது. வளைத்து வளைத்து வெட்டச் சொல்லியிருந்தார்கள். வெட்டியவர்கள் நேராக வெட்டிவிட்டார்கள். வாய்க்கால் வெட்டிப் பழகிய கை. தண்ணீர் விட்டால் மறுகோடி வரை போகும். குண்டு விழுந்தாலும் அப்படித்தான் போகும்.

குதித்தேன்.

மண்ணில் விழவில்லை. கொய்யாப்பழக் கூடையில் விழுந்தேன். ஆயக்குடியிலிருந்து கொய்யா கொண்டுவந்து விற்கிற அம்மா, நிழலுக்குக் குழிக்குள் உட்கார்ந்து கம்மஞ்சோறு தின்றுகொண்டிருந்தாள்.

"ஏனுங்க! கூடை மேலயா வந்து உளுவீங்க? கண்ணு இருக்குதுங்களா இல்லீங்களா?"

"குண்டு! படும்மா! மூச்சு விடாத!"

"மூச்சு விடாம எப்படீங்க சோறு திங்கிறது?"

நான் மூட்டையை நெஞ்சோடு அணைத்தேன். "பயப்படாத தங்கம். மாமா இருக்கேன்." மூட்டையின் வாயைப் பிரித்தேன். தேங்காய்ச் சிரட்டை விழுந்தது. பிறகு ஒரு நூல்கட்டை. பிறகு தோல் துண்டுகள். பிறகு சாவிகள். சாவிகள். சாவிகள்.

தங்கம் இல்லை.

*

இது சாட்சியம். எனவே ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். திண்டுக்கல் மேல் ஒரு குண்டும் விழவில்லை. அந்தப் போரில் எங்கள் வானத்தில் நாங்கள் பார்த்தது பருந்து. குண்டு விழாத ஊரில் பதுங்குகுழிக்குள் குதித்து அடிபட்டவன் நான். முழங்காலில் தழும்பு இருக்கிறது. கேட்டால் காட்டுவேன். கேட்காவிட்டாலும் காட்டுவேன்.

சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் மறக்காதீர்கள். போர் எங்கோ நடந்தது. வந்து சேர்ந்த இடம் ஐந்து வயதுப் பெண்பிள்ளையின் தொண்டை.

தங்கம் என் மனைவி பேச்சியின் தம்பி மகள். தம்பி பெயர் கருப்பையா. பட்டாளத்துக்காரன். தங்கத்தைப் பெற்றவள் காய்ச்சலில் போய்விட்டாள். பிள்ளைக்கு அப்போது இரண்டு வயது. அதிலிருந்து தங்கம் எங்கள் வீட்டில். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவள் பேச்சியை அத்தை என்பாள். என்னை மாமா என்பாள். கோபம் வந்தால் என்னை ரங்கூன் என்பாள்.

ஆகஸ்டில் கருப்பையா விடுப்பில் வந்தான். வந்த வேகத்தில் திரும்பிவரச் சொல்லித் தந்தி. திண்டுக்கல் ஸ்டேஷன். தங்கம் என் தோள்மேல் உட்கார்ந்திருக்கிறாள். என் முடியைப் பிடித்திருக்கிறாள். எஞ்சின் கூவுகிறது. நீளமாக. வண்டி நகர்கிறது. முடியைப் பிடித்த கை தளர்கிறது.

இறக்கிப் பார்த்தேன். வாய் மூடியிருந்தது. கன்னம் உப்பியிருந்தது. உதடு நீலம். கண் என்னைப் பார்த்தது. என்னைத் தாண்டியும் பார்த்தது. பிறகு மூடிக்கொண்டது. துணி மாதிரி சரிந்தாள்.

கருப்பையா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான். "மச்சான்! பிள்ளை! பிள்ளையப் பாருங்க!" எங்களிடம் அவன் கடைசியாகச் சொன்னது அதுதான்.

கூட்டம் கூடியது. "வலிப்பு! வலிப்பு! இரும்பக் குடுங்கய்யா கையில! சாவி! சாவி இருக்கா?"

இருந்தது. நான் பூட்டுப் பட்டறையில் சாவிக்கு அரம் போடுகிறவன். என் இரண்டு பையிலும் சாவிதான். ரேடியோவில் காஷ்மீர் என்று முதலில் கேட்ட நாளிலிருந்து என் கை நடுங்கியது. அரம் கோணியது. பல்லு தப்பிய சாவிகள் பெருகின. முதலாளி பார்க்குமுன் அவற்றைப் பையில் போட்டுவிடுவேன். அன்று அந்தப் பிளாட்பாரத்தில் என்னளவு சாவி வைத்திருந்தவன் எவனும் இல்லை. ஒன்றும் எந்தப் பூட்டுக்கும் சேராது.

ஒரு சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன். குழல் சாவி. தண்டு உள்ளே வெறுமையாக இருக்கும். மூச்சு வந்தது. கண் திறந்தாள். சாவியை விடவில்லை. வீடு வரை விடவில்லை.

டாக்டர் வலிப்பு இல்லை என்றார். "பயத்துல மூச்ச அடக்கிக்கிறா. மயங்கினதும் தானா விட்டுருவா. தலை மட்டும் அடிபடாம பாத்துக்கங்க."

பேச்சி தலையாட்டினாள். நான் ஆட்டவில்லை. தானாக விடாவிட்டால்? அதை நான் டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்.

*

மூச்சை அடக்குவது எனக்குத் தெரிந்த தொழில்.

1941 டிசம்பர் 23. ரங்கூன். காலை. எனக்கு வயது பதினெட்டு. அன்றும் சங்கு ஊதியது. யாரும் ஓடவில்லை. வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்தோம். விமானங்கள் வெயிலில் மீன் மாதிரி மின்னின. அண்ணன் விரல் நீட்டி எண்ணினான். எண்ணி முடிக்கவில்லை. ஜவுளிக்கடையில் கோடித்துணியை ஒரே இழுப்பில் கிழிப்பார்களே. அந்தச் சத்தம். அவ்வளவுதான்.

நான் சாக்கடையில் கிடந்தேன். மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தேன். மூச்சு விட்டால் மேலே இருக்கிறவனுக்குக் கேட்டுவிடும் என்று நினைத்தேன். விமானத்தில் இருக்கிறவனுக்கு. பதினெட்டு வயதில் எனக்கு இருந்த அறிவு அம்புட்டுத்தான். எழுந்தபோது அண்ணன் எண்ணிக்கொண்டிருந்த இடம் இருந்தது. அம்மா அடுப்படியில் இருந்தாள். அடுப்படி இல்லை.

பிறகு நடை. காடு. மலை. அதை எழுதமாட்டேன். அந்த நடையைப் பற்றி நான் சொல்வதெல்லாம் வேடிக்கைக் கதை. டிக்கெட் எடுக்காமல் பர்மாவிலிருந்து வந்தவன் நான் ஒருவன்தான் என்பேன். டீக்கடை சிரிக்கும். நானும் சிரிப்பேன். சங்கு ஊதினால் சிரிப்பு நிற்கும். மில் சங்குதான். வேலைக்குக் கூப்பிடுகிற சங்கு. இருபது வருஷம் தினமும் கேட்ட சங்கு. தினமும் ஒருமுறை மூச்சு நின்று வரும். யாருக்கும் தெரியாது. பேச்சிக்குத் தெரியும்.

*

செப்டம்பர் வந்தது. லாகூர்ப் பக்கம் சண்டை என்றது ரேடியோ. மில்லின் நேரச் சங்கு நிறுத்தப்பட்டது. காதர் பாய் தெருவில் நின்று அறிவித்தார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! இனிமே சங்கு ஊதுனா சோறு இல்ல. குண்டு! ஏறி எறங்கி ஊதுனா ஆபத்து. ஒரே சீரா ஊதுனா ஆபத்து போயிருச்சு. ரங்கூனு, உனக்குத்தான்டா மூணாவது தடவ சொல்றேன்."

"ஏறி எறங்குனா ஓடணும். சீரா ஊதுனா?"

"நின்னு மூச்சு வாங்கணும்."

ஊருக்கு நேரம் போய்விட்டது. அடுப்பு எப்போது மூட்டுவது என்று தெரியவில்லை. ஷிப்டு ஆட்கள் நிழலைப் பார்த்து ஓடினார்கள். ஒத்திகைச் சங்கு மட்டும் ஊதியது. முதல் ஒத்திகையில் தங்கம் மயங்கினாள். இரண்டாவதிலும் மயங்கினாள். அம்மிக்கல்லுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தாள். நான் அம்மியைத் தூக்கித் தெருவில் வைத்தேன். பேச்சி திரும்பத் தூக்கிவரச் சொன்னாள். "ஊருல இருக்க கல்லையெல்லாம் தூக்கி வப்பீகளா?"

பேச்சி பால்வாடி டீச்சர். தெருக்கோடியில் ஓட்டுக் கொட்டகை. அங்கே விளையாட்டுச் சாமான் என்று மேலிடம் கொடுத்தது ஒரே ஒரு மரக்குதிரை. பிள்ளைகள் அதற்குச் சண்டை போட்டன. ஏறியவன் ஆடுவான். மற்றவன் அழுவான். ஒத்திகை தொடங்கியதும் குதிரையில் யாரும் ஏறவில்லை. பயந்த பிள்ளைக்குக் குதிரை எதற்கு? அது குதிரையாக மட்டும்தான் இருக்கும்.

பேச்சி குதிரையைப் பரண்மேல் ஏற்றினாள். மூலையில் ஆற்றுமணலைக் கொட்டினாள். அதன் பக்கத்தில் ஒரு குவியல். சிரட்டை. புளியங்கொட்டை. நெசவுக்காரர் தெருவிலிருந்து காலி நூல்கட்டை. காதர் பாய் கடையிலிருந்து தோல் நறுக்கு. என் பையிலிருந்து சாவிகள். பிள்ளைகளை அதன் முன்னால் விட்டாள். இதைச் செய், அதைச் செய் என்று ஒன்றும் சொல்லவில்லை.

ஒரே ஒரு சட்டம் வைத்தாள். பெரியவர்களுக்கு. "என்னது இது?" என்று எந்தப் பிள்ளையையும் கேட்கக் கூடாது.

நான் முதல் நாளே மீறினேன். ஒருவன் நூல்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். "என்னலே இது, கோட்டையா?" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். அடுக்கைப் பார்த்தான். காலால் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

பேச்சி என்னை வாசலுக்கு வெளியே உட்காரவைத்தாள்.

"அவன் என்ன செய்றான்னு அவனுக்கே தெரியாது. கை செஞ்சுக்கிட்டு இருக்கு. நீங்க பேரு வச்சா கை நின்னுரும்."

"சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்."

"பயத்துக்குக் கையில ஒண்ணு வேணுங்க. இல்லாட்டி அது உள்ள போயிரும். தங்கத்துக்குத் தொண்டைக்குப் போயிருச்சு. உங்களுக்கு வாய்க்குப் போயிருச்சு."

பட்டறையில் மதிய இடைவேளை விட்டால் வந்து, வாசலுக்கு வெளியே இருந்து பார்த்தேன். அதைச் சாட்சியாகச் சொல்ல முடியும். கடித்துவைக்கிற பையன் ஒருவன் இருந்தான். அவன் ஈரத் தோலைக் கல்லில் வைத்து அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான். அந்த வாரம் யாரையும் கடிக்கவில்லை. இரண்டு பெண்பிள்ளைகள் சிரட்டையில் சோறாக்கினார்கள். விமானம் வந்து சோற்றைக் கொட்டியது. மறுபடி ஆக்கினார்கள். மறுபடி கொட்டியது. விமானமும் அவர்கள்தான். சோறும் அவர்கள்தான்.

தங்கம் சாவிகளை மணலில் புதைத்தாள். ஒவ்வொன்றாக. எல்லாவற்றையும் புதைத்தபின் தோண்டினாள். பிறகு புதைத்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. களைத்தால் காலிச் சாக்கு ஒன்றைத் தலையோடு போர்த்திக்கொண்டு மூலையில் சுருண்டுவிடுவாள். அந்த மூலையில்தான் பேச்சி மதியம் குவியலை அள்ளிச் சாக்கில் கட்டி வைப்பாள்.

அந்த மூலை. அந்தச் சாக்கு. இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும்.

*

குழிக்குள் நிற்கிறேன். கையில் சிரட்டை. காலடியில் கொய்யா. சங்கு நின்றிருக்கிறது.

குழியின் விளிம்பில் காதர் பாயின் தகரத் தொப்பி தெரிகிறது.

"ஏலே, அது சீரா ஊதுன சங்குடா! சோத்துச் சங்கு! மணி பன்னெண்டு. மில்லுல ஊதுறவன் மறந்து பழைய ஞாபகத்துல இழுத்துட்டான். இருவது வருஷக் கை!"

தெருவைப் பார்த்தேன். ஊரில் பாதிப்பேர் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார்கள். பாதிப்பேர் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிடத் தொடங்கியிருந்தார்கள். ஊதியவனுக்குக் கை பழக்கம். இவர்களுக்கு வயிறு பழக்கம். சிலர் இரண்டும் செய்தார்கள். சோற்றைப் பிசைந்துகொண்டே வானத்தைப் பார்த்தார்கள்.

ஓடியவன் நான் ஒருவன். பிள்ளையை விட்டுவிட்டு மூட்டையைக் காப்பாற்றியவன்.

"தங்கம் எங்க?" என்றேன்.

"உன் கையிலதானே—" காதர் பாய் மூட்டையைப் பார்த்தார். கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

பால்வாடியைப் பார்த்து ஓடுகிறேன். முன்பு ஓடியது ஓட்டமில்லை. இதுதான் ஓட்டம். பேச்சி அந்த நேரத்தில் பின்கட்டில் இருப்பாள். கோதுமை உப்புமா இறக்குவாள். கொட்டகைத் தரை சிமெண்டு. மூலையில் கல். மூட்டையை நான் எடுத்துவிட்டேன். விழுந்தால் கல்லுக்கும் தலைக்கும் நடுவில் ஒன்றுமில்லை.

பாதித் தெருவில் மறுபடி சங்கு.

தவறாக ஊதிவிட்டேன் என்று மில்லில் ஊதியவன் ஊருக்குச் சொல்ல வேண்டும். அதற்கும் மில்லில் இருந்தது அந்தச் சங்கு ஒன்றுதான். சீராக ஊதினான். நீளமாக ஊதினான். மன்னிப்பு அல்லவா.

என் கால் நின்றது. மூச்சு நின்றது. பாதித் தெருவில் சாக்கடை ஓரமாக நின்றேன். ரங்கூனில் கிடந்தேன். எது என்று தெரியவில்லை.

அப்போது அது கேட்டது. சங்குக்கு மேலே இன்னொரு சத்தம். மெல்லியது. கூர்மையானது. கீச்சென்று ஊசி மாதிரி. விட்டு விட்டு. சங்கு ஒரே இழுப்பாகப் போகிறது. இது நிற்கிறது. வருகிறது. நிற்கிறது. வருகிறது.

பால்வாடி வாசலில் தங்கம் நின்றாள். கீழுதட்டில் குழல் சாவி. ஓட்டையின் விளிம்பில் ஊதிக்கொண்டிருந்தாள். சாவி கூவியது. கன்னம் உப்பியது. அமுங்கியது. நிறுத்தினாள். இழுத்தாள். ஊதினாள். மறுபடி இழுத்தாள்.

மூச்சை இழுக்காமல் ஊத முடியாது. விடாமலும் ஊத முடியாது. இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. எனக்கே அப்போதுதான் தெரியும். இத்தனை வருஷம் அந்தச் சாவிகளை அரத்தால் தேய்த்தவன் நான். உதட்டில் வைத்ததில்லை.

உதட்டைப் பார்த்தேன். நீலம் இல்லை. கறுத்த உதடு. அவள் உதடு.

அவளுக்குப் பின்னால் பிள்ளைகள் தட்டோடு வரிசையாக உட்கார்ந்திருந்தன. பன்னிரண்டு மணிச் சங்கு என்றால் தட்டு. அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

நான் வாயைத் திறந்தேன். "என்ன தங்கம் இ—"

பேச்சி கரண்டியோடு நின்றாள். பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

சங்கு ஓய்ந்தது. தங்கம் சாவியை எடுத்தாள். என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தாள். ஒற்றைச் செருப்பு. சட்டையெல்லாம் கொய்யா.

"மாமா, உங்களுக்கு மூச்சே வரல. இந்தாங்க. நீங்க ஊதுங்க."

வாங்கி ஊதினேன். எச்சில் வந்தது. பிள்ளைகள் சிரித்தன. மறுபடி ஊதினேன். காற்று வந்தது. சத்தம் வரவில்லை. "இப்புடி," என்றாள். உதட்டைக் காட்டினாள். மூன்றாவது தடவை லேசாகக் கீச்சென்றது. பிறகு நான் தரையில் உட்கார்ந்தேன். செத்த நேரம் எழவில்லை. காதர் பாய் மூட்டையைக் கொண்டுவந்து மணல் பக்கத்தில் கொட்டினார். நசுங்கிய கொய்யாவும் விழுந்தது. பிள்ளைகள் அதையும் குவியலில் சேர்த்துக்கொண்டன.

அதன்பின் ஒத்திகைச் சங்கு ஊதும்போதெல்லாம் எங்கள் தெருவிலிருந்து ஒரு சாவி பதில் சொன்னது. தங்கம் மயங்கவில்லை. சில நாள் நடுங்கினாள். நடுங்கிக்கொண்டே ஊதினாள்.

*

செப்டம்பர் 23. போர் நின்றது. நேரச் சங்கு திரும்பி வந்தது. காதர் பாய் தகரத் தொப்பியைக் கடையில் ஆணியில் மாட்டினார். கருப்பையா எப்போது வருவான் என்று பேச்சி கணக்குப் பார்த்தாள். நான் பலகாரத்துக்குச் சொல்லிவைத்தேன்.

அக்டோபர் தொடக்கம். தந்தி. இங்கிலீஷ். காதர் பாயிடம் கொடுத்தேன். படித்தார். மறுபடி படித்தார். மாப்ளே என்றார். அதற்குமுன் அவர் என்னை மாப்ளே என்று கூப்பிட்டதில்லை.

தந்தி வந்தது போர் நின்ற பிறகு. கருப்பையா செத்தது போர் நிற்பதற்கு முன்னால். இடைப்பட்ட நாட்களில் நாங்கள் பலகாரம் பேசிக்கொண்டிருந்தோம்.

சேவுகம்பட்டியிலிருந்து உறவுப் பெண்கள் வந்தார்கள். தலைவிரித்து வந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே குரல் எடுத்துவிட்டார்கள். பேச்சி தெருமுனைக்கு ஓடினாள். செத்தவனின் அக்காள் அவள். முதல் குரல் அவளுடையதாக இருக்க வேண்டும். அவள் கையை விரித்து வழியை மறித்தாள்.

"செத்த நேரம் பொறுங்க. உங்க காலப் பிடிக்கிறேன். பிள்ளைக்கு இன்னும் சொல்லல. நான் சொல்லிட்டு வாரேன். அப்புறம் எம்புட்டு வேணாலும் அழுவோம்."

ஒருத்தி திட்டினாள். "தம்பி செத்ததுக்கு நேரம் பாக்குறியாடி?" பேச்சி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். நகரவில்லை. அவர்கள் தெருமுனையில் உட்கார்ந்தார்கள். சத்தமில்லாமல் மாரில் அடித்துக்கொண்டார்கள்.

பால்வாடி. மணல். தங்கம் சாவிகளோடு இருந்தாள். பேச்சி எதிரில் உட்கார்ந்தாள். நான் வாசலில் நின்றேன். கையில் நறுக்கிய வெங்காயம். மயங்கினால் மூக்கில் காட்ட. இன்னொரு கையில் தண்ணீர்ச் சொம்பு. பையில் சாவி. ஒரு ஆஸ்பத்திரியே நின்றது வாசலில். பயனில்லாத ஆஸ்பத்திரி.

"தங்கம், அப்பா இனி வரமாட்டாருடா. சண்டையில செத்துப் போயிட்டாரு."

வாய் மூடியது. கன்னம் உப்பியது.

நான் எண்ணினேன். அண்ணன் மாதிரி எண்ணினேன். வெங்காயச் சாறு முழங்கை வரை வழிந்தது. பேச்சி அவளைத் தொடவில்லை. குலுக்கவில்லை. மணலை ஒரு பிடி எடுத்தாள். தன் மடியில் விட்டாள். இன்னொரு பிடி எடுத்தாள். விட்டாள். மணல் விழும் சத்தம் மட்டும்.

தங்கம் அதைப் பார்த்தாள். சாவியைத் தேடவில்லை. ஊதவில்லை. இரண்டு கையையும் மணலுக்குள் விட்டாள். முழங்கை வரை விட்டாள். பிறகு "ஹா" என்று மூச்சு வெளியே வந்தது. கொதிக்கிற சட்டியில் மூடி எழும்புவது போல.

"அங்க மண்ணு எப்புடி இருக்கும் அத்தை?"

"தெரியலடா. அத்தை பாத்ததில்ல."

தங்கம் புதைக்கத் தொடங்கினாள். எல்லாச் சாவியையும். பேச்சி எழுந்து தெருமுனைக்குப் போனாள். அங்கே குரல் எழுந்தது. ஒரே நேரத்தில் எல்லாக் குரலும். மில் சங்கைவிடப் பெரிது. தங்கம் ஒருமுறை வாசலைப் பார்த்தாள். புதைத்துக்கொண்டே இருந்தாள். மூச்சு வந்தது. போனது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வரை அதை மட்டும்தான் பார்த்தேன். கருப்பையாவுக்கு நான் அழுதது வேறொரு நாள்.

பொழுது சாயும்போது தோண்டினாள். ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்தாள். கடைசியில் மணலைத் தட்டிச் சமமாக்கினாள். மேலே ஒரு சிரட்டையைக் கவிழ்த்தாள். எழுந்தாள்.

"வாங்க மாமா, போலாம்."

கையில் இருந்ததை எண்ணினேன். ஒன்று குறைந்தது. அந்தக் குழல் சாவி.

*

மூன்று வருஷம் ஆகிவிட்டது. தங்கம் பள்ளிக்கூடம் போகிறாள். சங்கு ஊதினால் பையைத் தூக்குகிறாள். நான் இன்னும் செத்த நேரம் நின்றுதான் நடக்கிறேன். மணல் அங்கேயே இருக்கிறது. பேச்சி மேலே புது மணல் போடுவாள். பழையதை அள்ளவிடமாட்டாள்.

கணக்குச் சொல்லி முடிக்க வேண்டும்.

ரங்கூனில்: அம்மா. அண்ணன். அண்ணன் எண்ணி முடிக்காத எண்.

வழியில்: உடன் நடந்தவர்கள். பெயர் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும். அதை எழுதமாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டேன்.

திண்டுக்கல்லில்: கருப்பையா. அவன் வடக்கே செத்தான். இழந்தது இங்கே. அதனால் இங்கே எழுதுகிறேன்.

செருப்பு, வலது கால். கொய்யா, பாதிக் கூடை. அந்த அம்மா பழத்துக்குக் காசு வாங்கவில்லை. "உசுரு பொழச்சுக்கிட்டீங்களே, போங்க," என்றாள்.

சாவி, ஒன்று. மணலுக்குள். சிரட்டைக்குக் கீழே. எங்கே என்று எனக்குத் தெரியும்.

அது என்ன என்று நான் கேட்கவில்லை.